ஏறு, இறங்கு, வெளியேறு: ஆங்கிலத்தின் சின்னச் சொற்களும் தோட்டத்துப் பிள்ளைகளும்

ரந்தாவ் வட்டாரத்தில் ஒரு கோயில் மண்டபத்தில் வாரம் இரண்டு நாள் மாலை வகுப்பு நடத்துகிறேன். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன் நான். சென்ற மாதம் ஒரு நாள், ‘நேற்று பள்ளிக்குப் போன கதை’ என்று ஐந்து வரி எழுதச் சொன்னேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இப்படித் தொடங்கியிருந்தான்: ‘ஐ அப் த பஸ். ஐ டவுன் நியர் த ஸ்கூல்.’

பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டான். எழுதியவனுக்கு முகம் சுருங்கிப் போனது. “சார், ஏறுன்னா அப்தானே? இறங்குன்னா டவுன்தானே? அப்புறம் இதுல என்ன தப்பு?” என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. முப்பத்து மூன்று ஆண்டு ஆசிரியர் வேலையில் இந்தப் பிழையை எத்தனையோ முறை சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன். கவனக் குறைவு என்று நினைத்த காலமும் உண்டு. அது கவனக் குறைவு அல்ல. தமிழும் மலாயும் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்குத்தான் இந்தப் பிழை வரும். ஏன் என்று சொல்வதற்கு முன், இதே போன்ற ஒரு சின்னச் சொல்லை நான் கோட்டைவிட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சுவரில் ஒட்டிய காகிதம்

1975-ஆம் ஆண்டு. போர்ட்டிக்சன் சாலையை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் மரம் சீவினார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு, சிரம்பானில் புகுமுக வகுப்பில் நான் சேர்ந்திருந்தேன். எங்கள் லயத்தில் டவுனுக்குப் போய்ப் படிக்கிற பையன் நான் ஒருவன்தான்.

ஒரு நாள் பெரட்டுக் களத்துச் சுவரில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு காகிதத்தை ஒட்டியிருந்தார்கள். நான்கைந்து வரிதான். சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும், பக்கத்து வீட்டுப் பெரியம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். “தம்பி, நீதான் டவுன் பள்ளிக்கூடம் போறியே, என்னா போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுப்பா.”

பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். எங்கள் லயத்தின் எண் இருந்தது, ஒரு தேதி இருந்தது, ‘மூவ் அவுட்’ என்று இருந்தது. ‘மூவ்’ எனக்குத் தெரிந்த சொல். நகர்வது, இடம் மாறுவது. அதற்குப் பக்கத்தில் நின்ற ‘அவுட்’ எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. தோட்டத்தின் இன்னொரு பக்கத்தில் புதிய கல்வீடுகள் கட்டப் போகிறார்கள் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. அதையும் சேர்த்துக்கொண்டு, “வேற லயத்துக்கு மாத்தறாங்க பெரியம்மா” என்று சொன்னேன். எல்லாருக்கும் சந்தோஷம். பழைய லயத்தில் கூரை ஒழுகும்.

மூன்று வாரம் கழித்து, சம்பள நாளன்று கிராணியார்தான் உண்மையைச் சொன்னார். “மாத்தறது இல்லம்மா. வெளியேறச் சொல்றாங்க.” கொடுத்திருந்த கெடுவில் ஒன்பது நாள்தான் பாக்கி. வீடு தேட, தெரிந்தவர்களைப் பார்க்க, சங்கத்துக்குப் போய் முறையிட என்று பயன்படுத்தியிருக்க வேண்டிய மூன்று வாரம், என்னை நம்பியதால் வீணாய்ப் போனது.

அப்பா திட்டவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, “தெரியாத சொல்ல விட்டுட்டுப் படிச்சிட்டியாப்பா?” என்று மட்டும் கேட்டார். அது தெரியாத சொல் அல்ல. முதல் வருடமே படித்த சொல். அதனால்தான் அதைப் பார்க்காமல் விட்டேன்.

அந்தக் காலத்தில் தோட்டத்தை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் பல. 1950-களிலேயே பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்பது தொடங்கிவிட்டது. 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். அதற்கு ஒரு மாற்றாகத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் ரப்பர்க் காடுகள் செம்பனைக்கு மாறின. சிரம்பான், நீலாய்ப் பக்கங்களில் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறின. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கடிதம் வரும். அதில் ஒரு சின்னச் சொல் இருக்கும்.

வழி எந்தச் சொல்லில் இருக்கிறது?

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம்.

தமிழில் ஓர் அசைவைச் சொல்லும்போது, போகும் வழியை வினைச்சொல்லே சொல்லிவிடும். மேலே போவது ஏறுதல், கீழே வருவது இறங்குதல், உள்ளே போவது நுழைதல், வெளியே போவது வெளியேறுதல், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது கடத்தல். எப்படிப் போனான் என்பதை அதற்கு முன்னால் ஓர் எச்சமாக வைப்போம். ‘ஓடிக் கடந்தான்’, ‘குதித்து இறங்கினான்’, ‘தவழ்ந்து நுழைந்தது’ என்போம்.

ஆங்கிலம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. எப்படிப் போனான் என்பது முக்கிய வினையாகிவிடும். போன வழி, பின்னால் வரும் சின்னச் சொல்லில் இருக்கும். நமது ‘ஓடிக் கடந்தான்’ அங்கே ‘ரேன் அக்ரோஸ்’. ‘குதித்து இறங்கினான்’ அங்கே ‘ஜம்ப்ட் டவுன்’. ‘தவழ்ந்து நுழைந்தது’ அங்கே ‘கிரால்ட் இன்’.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘கடந்தான்’ என்பதில் இறந்தகாலம் வழியைக் காட்டும் வினையில் இருக்கிறது. ‘ரேன் அக்ரோஸ்’ என்பதில் ஓட்டத்தைக் காட்டும் வினையில் இருக்கிறது. ‘அக்ரோஸ்’ காலத்துக்கு ஏற்ப மாறுவதே இல்லை. ‘அப்’, ‘டவுன்’, ‘இன்’, ‘அவுட்’ போன்றவையும் இப்படித்தான். அவற்றுக்கு நேற்றும் நாளையும் கிடையாது. காலத்தைச் சுமக்க அவற்றுக்கு முன்னால் ஒரு வினை வேண்டும். ‘ஐ அப் த பஸ்’ தப்பாவது இதனால்தான். ‘அப்’ வழியைச் சொல்லிவிட்டது. ஆனால் வாக்கியத்தில் வினை இல்லை.

தமிழிலும் ‘வெளியே’, ‘உள்ளே’, ‘மேலே’ இருக்கின்றனவே, ‘வெளியே ஓடினான்’ என்கிறோமே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ‘சாலையின் குறுக்கே ஓடினான்’ என்றால், அவன் மறுபக்கம் போய்ச் சேர்ந்தானா என்பது உறுதியாகத் தெரியாது. ‘ஓடிக் கடந்தான்’ என்றால்தான் போய்ச் சேர்ந்தான். நமக்கு வழியை முடித்துவைப்பது வினை. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் சின்னச் சொல் செய்துவிடும்.

இந்த வேறுபாட்டை உலக மொழிகள் பலவற்றில் பார்த்து வகைப்படுத்தியவர் லெனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர். 1985-இல் வெளிவந்த அவரது நீண்ட கட்டுரை இத்துறையில் பெயர் பெற்றது. ஸ்பானிஷ், பிரெஞ்சு, துருக்கி, ஜப்பான் மொழிகள் வழியை வினையில் வைப்பவை. ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்ய மொழிகள் வழியைத் துணைச் சொல்லில் வைப்பவை. நம் ‘ஏறு, இறங்கு’ எந்தப் பக்கம் என்று இனி நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ரூத் பெர்மன், டான் ஸ்லோபின் என்ற இரு ஆய்வாளர்கள், எழுத்தே இல்லாத ஒரு படக்கதையைப் பல மொழிப் பிள்ளைகளிடம் காட்டிக் கதை சொல்லச் சொன்னார்கள். தொலைந்துபோன தவளையைத் தேடிப் போகும் ஒரு பையனின் கதை அது. 1969-இல் மெர்சர் மேயர் வரைந்தது. மரப்பொந்திலிருந்து ஓர் ஆந்தை வெளிப்படும் படம் அதில் உண்டு. ஸ்பானிஷ் பிள்ளைகள் பெரும்பாலும் ‘வெளியே வந்தது’ என்ற பொருளுள்ள ஒற்றை வினையைச் சொன்னார்கள். ஆங்கிலப் பிள்ளைகள் பறந்து, துள்ளி என்ற வினைகளோடு ‘அவுட்’டைச் சேர்த்தார்கள். படம் ஒன்றுதான். மொழி எதைச் சொல்லப் பழக்கியதோ, அதைப் பிள்ளைகள் முதலில் பார்த்தார்கள்.

மலாயும் நம் பக்கம்தான்

நம் நாட்டுப் பிள்ளைக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அவன் பள்ளியில் படிக்கும் மலாயும் தமிழைப் போலவே வழிக்குத் தனி வினை வைத்திருக்கிறது. ஏறு என்றால் ‘நாயிக்’, இறங்கு என்றால் ‘தூருன்’, நுழை என்றால் ‘மாசோக்’, வெளியேறு என்றால் ‘கெலுவார்’. பொருள் விரிவதும் ஒரே மாதிரிதான். நமக்கு மரத்தில், மலையில், பஸ்ஸில் ஏறலாம். விலை ஏறும், சம்பளமும் ஏறும். மலாயில் மரம், மலை, பஸ், விலை, சம்பளம் எல்லாவற்றுக்கும் ‘நாயிக்’தான்.

இரண்டு மொழி ஒரே சாட்சி சொன்னால் பிள்ளை நம்பத்தானே செய்வான்? மூன்றாவது மொழியிலும் ‘ஏறு’ என்ற வினை இருக்கும் என்று தேடுகிறான். கையில் கிடைப்பது ‘அப்’. அதையே வினையாக்கிவிடுகிறான். அவன் யோசித்துச் செய்த பிழை அது.

அதே மலாய் அவனுக்கு உதவியாகவும் இருக்கும். ‘லாரி கெலுவார்’ என்று மலாயில் சொல்கிறோம். முதலில் ஓட்டம், பிறகு வெளியேறுதல். ‘ரன் அவுட்’ என்பதும் அதே வரிசைதான். ‘லாரி மாசோக்’, ‘ரன் இன்’ என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். மலாயில் இரண்டும் வினை, ஆங்கிலத்தில் முதலாவது மட்டும் வினை என்று சொன்னால் போதும்.

பஸ்ஸுக்கு ஒன்று, காருக்கு ஒன்று

வாகனத்தில் ஏறுவதற்கு ஆங்கிலத்தில் ‘கெட்’ என்ற பொது வினையை வைத்துக்கொண்டு, பின்னால் வரும் சொல்லை மாற்றுகிறார்கள். பஸ், ரயில், கப்பல், விமானம் என்றால் ஏற ‘கெட் ஆன்’, இறங்க ‘கெட் ஆஃப்’. கார், டாக்சி, சம்பான் என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. உள்ளே நிமிர்ந்து நின்று நடக்க முடிகிற வாகனத்துக்கு ‘ஆன்’, குனிந்து உள்ளே போய் உட்காருகிற வாகனத்துக்கு ‘இன்’ என்று நினைவில் வைக்கலாம். மேலே உட்கார்ந்து ஓட்டும் மோட்டார், சைக்கிளுக்கு மறுபடியும் ‘ஆன்’, ‘ஆஃப்’.

நம்மில் பலர் ‘கெட் டவுன் ஃப்ரம் த பஸ்’ என்போம். ‘இறங்கு’, ‘தூருன்’ இரண்டின் நிழலும் அதில் விழுகிறது. மலேசியாவிலும் இந்தியாவிலும் எல்லாருக்கும் புரிகிற பேச்சு அது; அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம். தேர்வுத் தாளில் மட்டும் ‘கெட் ஆஃப்’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘பாலேக்’ என்ற சொல்லின் பழக்கத்தால், வீட்டுக்குப் போவதை ‘கோ பேக்’ என்றே சொல்லிவிடுவதும் இப்படித்தான். எழுத்தில் ‘கோ ஹோம்’ என்றால் தெளிவு.

‘வா’, ‘போ’ விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. கேட்பவரை நோக்கி நாம் போனாலும், “இதோ வரேன்” என்போம். “இதோ போறேன்” என்று சொல்ல மாட்டோம். ஆங்கிலத்திலும் ‘ஐ ஆம் கமிங்’ என்பதுதான் முறை. தன்மை, முன்னிலைக்கு வருவதும் தருவதும், படர்க்கைக்குச் செல்வதும் கொடுப்பதும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறது. இந்தப் பாடத்தை நம் பிள்ளை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறான்.

ஏன் காதில் விழவில்லை?

இந்தச் சின்னச் சொற்கள் எழுத்தால் வருபவை அல்ல. காதால் வருபவை. வாசலில் நின்று ‘கம் இன்’, ‘கோ அவுட்’, ‘சிட் டவுன்’ என்று யாராவது நாள்தோறும் சொல்லக் கேட்க வேண்டும். தோட்டத்தில் அது நடக்கவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் வேலை வாங்குவதற்காகத் தமிழ் கற்றுக்கொண்டார்கள். தோட்ட நிர்வாகிகளுக்கென்றே தமிழ்க் கையேடுகள் இருந்தன, டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய ‘கூலி தமிழ்’ என்ற புத்தகம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் வெளிவந்தது. துரை பேசினாலும் தமிழ், தண்டல் பேசினாலும் தமிழ். ஆங்கிலம் அலுவலகத்தில், கிராணியாரின் மேசையில் நின்றுவிட்டது. லயத்துக்கு அது காகிதமாகத்தான் வந்தது.

பள்ளியிலும் தாமதமாகத்தான் வந்தது. தமிழ்ப்பள்ளிகளில் பல ஆண்டுகளாக ஆங்கிலம் மூன்றாம் ஆண்டில்தான் தொடங்கியது. 2003-இல்தான் முதலாம் ஆண்டுக்கு வந்தது. அதுவரை படித்தவர்கள்தான் இன்றைய பெற்றோர். பிள்ளைக்கு ஆங்கிலம் வரவில்லை என்று தன்னையே நொந்துகொள்ளும் பெற்றோரை நான் பார்க்கிறேன். குற்றம் அவர்களுடையது அல்ல.

இன்றும் காகிதம் வருகிறது

செனவாங், நீலாய்த் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் இந்தச் சொற்களைக் கேட்டுப் பாருங்கள். ‘லே’ என்றால் கிடத்துவது. ‘லே ஆஃப்’ என்றால் ஆட்குறைப்பு. ‘டர்ன்’ என்றால் திரும்புவது. ‘டர்ன் டவுன்’ என்றால் விண்ணப்பத்தை நிராகரிப்பது. ‘கட் டவுன்’ என்றால் குறைப்பது. ‘கட் ஆஃப்’ என்றால் அடியோடு துண்டிப்பது. மின்சாரக் கடிதத்தில் முதலாவது வந்தால் நிம்மதி, இரண்டாவது வந்தால் அன்றைக்கே போய்ப் பணம் கட்ட வேண்டும்.

இவை தொடர்பில்லாத புதிய பொருள்கள் என்று மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அப்படி அல்ல. ‘ஆஃப்’ என்றால் ஒட்டியிருந்தது விட்டுப்போவது. பஸ்ஸை விட்டு இறங்குவதும் வேலையை விட்டு நீக்கப்படுவதும் அதே ‘ஆஃப்’தான். ‘அவுட்’ என்றால் ஓர் எல்லையைத் தாண்டி வெளியே. ‘டிராப் அவுட்’ என்றால் பள்ளிக்கு வெளியே. ‘மூவ் அவுட்’ என்றால் வீட்டுக்கு வெளியே. அசைவில் அந்தச் சொல்லின் வழியைப் பிடித்துக்கொண்ட பிள்ளை, கடிதத்தில் அதன் பொருளை ஓரளவு ஊகித்துவிடுவான். நாமும் மனம் இறங்கினான், கோபம் தலைக்கேறியது என்று அசைவிலிருந்துதானே எடுக்கிறோம்?

வீட்டில் செய்து பார்க்கலாம்

இதற்குப் பணம் கொடுத்துத் தனி வகுப்புக்கு அனுப்ப வேண்டியதில்லை. தோட்டத்தில் வேலை செய்த தாத்தாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால் போதும். அவர்களின் ஒரு நாளைச் சொல்லச் சொல்லுங்கள். இருட்டில் எழுந்து பெரட்டுக்குப் போவார்கள். அங்கிருந்து மேட்டுக் காட்டுக்கு ஏறி, நிரை நிரையாக நடந்து, ஓடையைத் தாண்டி, மங்கிலிருந்து பாலை வாளியில் ஊற்றி, காண்டா தூக்கி இறங்கி, ஸ்டோருக்குள் நுழைந்து, நிறுத்துக் கொடுத்து, வீடு திரும்புவார்கள். ஒரு நாளில் எத்தனை வழிகள்! எழுந்தது ‘கெட் அப்’. ஏறியது ‘கோ அப்’. நிரை நெடுக நடந்தது ‘வாக் அலோங்’. ஓடையைத் தாண்டியது ‘ஸ்டெப் அக்ரோஸ்’. பாலை ஊற்றியது ‘போர் இன்டு’. இறங்கியது ‘கம் டவுன்’. திரும்பியது ‘கோ ஹோம்’.

பிள்ளை அதைப் படமாக வரையட்டும். ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் அம்புக்குறி போடட்டும். அம்புக்குறியின் மேல் அந்தச் சின்னச் சொல்லை மட்டும் எழுதட்டும். வினையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கடைசியில் ஒரு பழக்கம்: ஆங்கிலத்தில் எந்தக் கடிதம் வந்தாலும், ஒவ்வொரு வினைக்கும் பின்னால் நிற்கும் சின்னச் சொல்லின் கீழே கோடு போட்டுவிட்டுப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். 1975-இல் என்னிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

‘ஐ அப் த பஸ்’ எழுதிய மாணவனுக்கும் இந்தப் பயிற்சியைத்தான் கொடுத்தேன். அவன் பாட்டி லாபுப் பக்கத்துத் தோட்டத்தில் மரம் சீவியவர். இரண்டு வாரம் கழித்து ஒரு படம் கொண்டுவந்தான். மேட்டில் வரிசையாக மரங்கள். தோளில் காண்டாவோடு ஒரு பெண். அவருக்கு முன்னால் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. அடியில் பென்சிலால் எழுதியிருந்தான்: ‘மை கிராண்ட்மதர் கேம் டவுன் த ஹில் வித் டூ பக்கெட்ஸ்.’

அதில் திருத்த ஒன்றும் இல்லை. “பாட்டிகிட்ட காட்டினியா?” என்று கேட்டேன். “காட்டினேன் சார். வாளி ரொம்பச் சின்னதா இருக்குன்னாங்க” என்றான்.